ஏழ்மையைக் காட்டுவது வேறு, வர்க்கத்தைக் காட்டுவது வேறு: ‘தி ஒயர்’ தொடரை முன்வைத்து ஒரு விவாதம்

ஆற்றுமணல்:

அமெரிக்காவின் எச்.பி.ஓ. சேனலில் 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன்களாக வந்த ‘தி ஒயர்’ பற்றித்தான் இந்த இழை. இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும், முடிவுகள் எல்லாம் பேசப்படும்.

இந்தத் தொடரைப் பாராட்டுகிறவர்கள் முதலில் சொல்வது “அப்படியே நிஜம் மாதிரி இருக்கு” என்பதுதான். எது நிஜம் என்று கேட்டால் போதை மருந்து விற்கும் தெருமுனை, பலகை அடித்து மூடிய பாழடைந்த வீடுகள், வசைச் சொற்கள் என்று அடுக்குவார்கள். அதையெல்லாம் நல்ல கலை இயக்குநர் இருந்தால் எந்தத் தொடரும் செய்துவிடும். எனக்கு நிஜமாகப் பட்டது வேறு.

முதல் சீசன், ஐந்தாம் எபிசோட். பால்டிமோர் நகரில் போதை மருந்துக் கும்பலில் வேலை பார்க்கும் டிஆஞ்சலோ, தன் காதலி டோனெட்டை ஒரு பெரிய உணவகத்துக்குக் கூட்டிப்போகிறான். நல்ல உடுப்பு, பை நிறையக் காசு. பேசிக்கொண்டே இருந்தவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். இங்கே இருக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரிந்திருக்குமா என்று அவளிடம் கேட்கிறான். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. காசு கொடுக்கிறோம், சாப்பிடுகிறோம், அப்புறம் என்ன என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் சர்வர் இனிப்புகளை அடுக்கி எடுத்துவந்து காட்டுகிறார். டிஆஞ்சலோ கையை நீட்டிப் பிடித்ததை எடுத்துவிடுகிறான். அது காட்டுவதற்கு வைத்திருக்கும் மாதிரி, உங்களுக்கு உள்ளேயிருந்து வரும் என்று சர்வர் மரியாதையாகத்தான் சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை. சோக வயலினும் இல்லை. சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சிகளை விட்டால் இந்தத் தொடரில் பின்னணி இசை கிட்டத்தட்டக் கிடையாது. அவன் முகம் மட்டும்தான்.

அவன் ஏழை இல்லை. அந்த அறையில் பாதிப் பேரைவிட அவனிடம் ரொக்கம் அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த இடத்து நடைமுறை அவனுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. இதே டிஆஞ்சலோதான் இரண்டாம் எபிசோடில், தன் குடியிருப்பு முற்றத்தில் கிடக்கும் பழைய சோபாவில் உட்கார்ந்து, சிக்கன் நக்கெட்டைக் கண்டுபிடித்தவனுக்கு லாபத்தில் பங்கு கிடைத்திருக்காது, அவன் இன்னும் சம்பளத்துக்குத்தான் உழைத்துக்கொண்டிருப்பான் என்று சின்னப் பையன்களுக்கு விளக்குகிறான். முதலாளி தொழிலாளி கணக்கு மொத்தமும் விளங்கியவன், ஒரு கேக் துண்டின் முன்னால் கூனிப்போகிறான். இரண்டு காட்சிகளையும் ஒரே ஆளுக்குக் கொடுத்ததுதான் எழுத்து. வர்க்கத்தைப் பற்றி ஒரு தொடர் நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க நான் இந்த மாதிரி இடங்களைத்தான் தேடுவேன்.

மாடிவீடு:

காட்சி அருமைதான். ஆனால் இதை வைத்து, கதாபாத்திரங்களை மையமாக வைத்த தொடர் என்று ஒயரைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடரை உருவாக்கிய டேவிட் சைமனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: இது கிரேக்கத் துன்பியல் நாடகம் போன்றது, அங்கே தெய்வங்கள் இருந்த இடத்தில் இங்கே நிறுவனங்கள் இருக்கின்றன என்று. சரி, அப்படியென்றால் மனிதர்கள் யார்? வழக்குக்குக் கொண்டுவந்து நிறுத்திய சாட்சிகள். கும்பலுக்காக மருந்து விற்கும் சிறுவன் வாலஸ், டிஆஞ்சலோ, கும்பலின் இரண்டாம் தலைவன் ஸ்ட்ரிங்கர், எல்லாச் சாவும் ஒரே வாதத்துக்கு ஆதாரமாகப் போய்ச் சேர்கிறது. அமைப்பை மீற முடியாது என்பது முதல் சீசனிலேயே புரிந்துவிட்டது. மொத்தம் 60 எபிசோட்.

வர்க்கம் ஒரு மனிதனின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ‘மேட் மென்’ (2007–2015) எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. டான் டிரேப்பர் என்கிற விளம்பர உலக நட்சத்திரத்தின் நிஜப்பெயர் டிக் விட்மன். பாலியல் தொழிலாளி ஒருத்திக்குப் பிறந்து பண்ணை வீட்டில் வளர்ந்தவன், கொரியப் போரில் செத்த அதிகாரியின் பெயரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன். அவனுக்குக் கீழே வேலை செய்யும் பீட் கேம்பல் பழைய குடும்பத்துப் பிள்ளை. முதல் சீசனின் நாலாவது எபிசோடில், வாடிக்கையாளரிடம் தன்னிச்சையாக ஒரு யோசனையைச் சொன்னதற்காக பீட்டை வேலையை விட்டே அனுப்புகிறார்கள். பெரிய முதலாளி கூப்பர் அதை நிறுத்திவிடுகிறார். பையனின் அம்மா டிக்மன் வீட்டுப் பெண். 125ஆம் தெருவுக்கு வடக்கே மன்ஹாட்டன் நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடையது. அந்தப் பெயர் நம் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். இதே எபிசோடில் பீட் வீடு வாங்க முன்பணம் கேட்டுத் தன் அப்பாவிடம் போய் வெறுங்கையோடு திரும்புகிறான். கடைசியில் மாமனார் கொடுக்கிறார். பணம் இருந்து பெயர் இல்லாதவனும், பெயர் இருந்து பணம் இல்லாதவனும் ஒரே தளத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள். இதற்கு ஊர் முழுவதையும் படம்பிடிக்கத் தேவையில்லை.

கப்பல்கணக்கு:

மாடிவீடு சார், இரண்டாம் சீசனை எங்கே விட்டீர்கள்?

நான் சரக்கு கிளியரன்ஸ் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஃபிராங்க் சொபோட்கா துறைமுகத்தில் கன்டெய்னர் சரிபார்ப்பவர்களின் யூனியன் பொருளாளர், போலந்து வழிக் குடும்பம். சரிபார்ப்பவர் என்றால் இறங்கும் பெட்டியின் எண்ணைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவர். அவர் ஏற்றாமல் விட்டால் அந்தப் பெட்டி ஊருக்குள் இல்லை. கடத்தல்காரர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். எங்கள் தொழிலின் இந்தச் சின்ன ஓட்டையை இவ்வளவு சரியாகப் பிடித்த தொடரை நான் வேறு பார்த்ததில்லை.

அந்தக் காசை ஃபிராங்க் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வீடு கட்டவில்லை, கார் வாங்கவில்லை. மாநிலத் தலைநகர் அன்னபொலிஸில் அரசியல்வாதிகளைச் சரிக்கட்ட இடைத்தரகருக்குக் கொடுக்கிறார். செசபீக்–டெலவேர் கால்வாயைத் தூர்வார வேண்டும், தானியம் ஏற்றும் கப்பல்துறையைத் திரும்பத் திறக்க வேண்டும், அப்போதுதான் கப்பல் வரும், பையன்களுக்கு வேலை நாள் கிடைக்கும். இடையில் ஒரு கூட்டத்தில் ராட்டர்டாம் துறைமுகத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஆளே இல்லாமல் இயந்திரங்கள் பெட்டியைத் தூக்கி வைக்கின்றன. ஃபிராங்க் பேய்ப்படம் பார்ப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். தான் எதற்காகக் குற்றவாளி ஆனாரோ அது ஜெயித்தாலும் உதவாது என்று அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் நிறுத்துவதில்லை. இது நிறுவனம் ஆட்டிவைக்கும் பொம்மையா? எனக்கு அப்படித் தெரியவில்லை.

அப்புறம் அந்த இடைத்தரகர் புரூஸ். அவருடைய கொள்ளுத்தாத்தா பால்டிமோர் தெருக்களில் சாணைக்கல்லைத் தள்ளிக்கொண்டு கத்தி தீட்டியவர். இன்று புரூஸின் மகன் பிரின்ஸ்டனில் படிக்கிறான். அதைப் பெருமையாகத்தான் ஃபிராங்கிடம் சொல்கிறார். ஃபிராங்கின் வருத்தமெல்லாம் தன் பிள்ளையும் தன் தொழிலிலேயே நிற்க முடியவில்லையே என்பது. மேலே ஏறினால்தான் வாழ்க்கை என்று ஒருவர், நின்ற இடத்திலேயே கௌரவமாக நிற்க விடுங்கள் என்று இன்னொருவர். தொழிலாளியின் கதை என்றாலே அவன் மகன் கலெக்டர் ஆக வேண்டும் என்று பழகிய நமக்கு, இந்த இரண்டாவது ஆசை முக்கியம்.

இன்னொன்று. இவ்வளவு பெரிய விசாரணை எதில் தொடங்குகிறது? தேவாலயத்துக்கு யார் வண்ணக் கண்ணாடி ஜன்னல் கொடுப்பது என்ற போட்டியில். போலீஸ் அதிகாரி வால்செக்கும் அதே போலந்து சமூகத்துக்காரர். நம்மோடு இருந்த துறைமுகத்துக்காரனுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க ஏது காசு என்று எரிச்சல் பட்டு ஆரம்பித்து வைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரனை அளப்பதில் இருக்கும் அந்த வயிற்றெரிச்சல் இல்லாமல் வர்க்கத்தைப் பற்றி எழுதவே முடியாது.

ஆற்றுமணல்:

கப்பல்கணக்கு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாடிவீடு குறிப்பிட்ட மேட் மென் எபிசோடில் பீட் தன்னிச்சையாக யோசனை சொன்னது எந்த வாடிக்கையாளரிடம்? பெத்லகேம் ஸ்டீல் கம்பெனிக்காரரிடம். அமெரிக்காவின் முதுகெலும்பே பெத்லகேம் ஸ்டீல்தான் என்பது பீட்டின் வாசகம். கதை நடப்பது 1960இல். ஒயரின் இரண்டாம் சீசன் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? போலீஸின் படகுப் பிரிவுக்குத் தூக்கியடிக்கப்பட்ட துப்பறிவாளன் மெக்நல்டி, துருப்பிடித்த ஆலைகளைக் கடந்து போகும்போது என் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார் என்கிறான். அதே பெத்லகேம் ஸ்டீலின் கப்பல் கட்டும் தளம். 1973இல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கூட இருப்பவரின் மாமா 1978 வரை தாக்குப்பிடித்தார். இரண்டு வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்த, அதே கம்பெனியின் ஸ்பாரோஸ் பாயிண்ட் ஆலை இருந்த ஊர் அது. கம்பெனி 2001இல் திவாலானது, ஆலையை 2012இல் மூடினார்கள். நியூயார்க் மாடியில் ஒரு வாசகத்துக்காக இரண்டு பேர் முறைத்துக்கொள்ள முடிகிறதென்றால், அதற்கான காசு பால்டிமோர் மாதிரி ஊர்களில் உருக்கு உருக்கியதால் வந்தது. மேட் மென் நல்ல தொடர், அந்த மாடியை அது முழுமையாகவே காட்டுகிறது. ஆனால் உள்மனதைக் காட்டினாலே வர்க்கம் வந்துவிடும் என்ற வாதம் எனக்குப் போதவில்லை. அடுத்தவன் யார் காசில் நிற்கிறான் என்பதும் தெரிய வேண்டும்.

ஸ்ட்ரிங்கர் பெல்லைச் சாட்சி என்றது எனக்குப் பொறுக்கவில்லை. சமுதாயக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான், கூட்டத்தில் ஒழுங்குவிதி வைத்துப் பேசச் சொல்கிறான், கட்டட வியாபாரத்தில் இறங்குகிறான். செனட்டர் கிளே டேவிஸ் அவனை மொட்டையடிக்கிறார். எந்தக் கதவுக்கு யாரிடம் காசு கொடுக்க வேண்டும் என்ற விவரம் எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதில்லை. அவன் செத்தபிறகு வீட்டைச் சோதனை போடும் மெக்நல்டி, அலமாரியில் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, நான் இத்தனை நாள் யாரைத் துரத்தினேன் என்று கேட்கிறான். துரத்தினவனுக்கே தெரியாத ஓர் ஆள் அந்த உடம்புக்குள் இருந்திருக்கிறான். இதைவிட உள்மனது என்ன வேண்டும்?

மல்லிகா டீச்சர்:

நாலாம் சீசனுக்கு யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏழைக் குழந்தைகள் எல்லோரும் ஒன்று. வகுப்புக்குள் அப்படி இல்லை. இந்தத் தொடரில் நாலு பையன்கள். நமாண்டின் அப்பா ஆயுள் தண்டனைக் கைதி, கும்பல் மாதாமாதம் அந்த வீட்டுக்குப் பணம் கொடுக்கிறது; அதனால் அவனுக்குப் புதுத் துணி, பேச்சில் திமிர். ராண்டி வளர்ப்புத்தாயிடம் இருக்கிறான், பள்ளியில் மிட்டாய் விற்றுக் காசு சேர்க்கிறான். மைக்கேல், தாய் உணவுப் பொருளையும் விற்றுப் போதைக்குப் போய்விடுவாள் என்பதால் அரசு உதவி அட்டையைத் தன் கையில் வைத்துக்கொண்டு தம்பியை வளர்க்கிறான். டியூக்கிக்கு ஒன்றுமே இல்லை. அவன் மேல் நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள். ஒரே தெரு, நாலு படி. படியில் ஒன்று மேலே நிற்கும் நமாண்ட்தான் டியூக்கியை அதிகம் கேலி செய்கிறான். இதை நான் தினமும் பார்க்கிறேன்.

டியூக்கிக்குத் துணி கொடுத்தால் வீட்டில் விற்றுவிடுவார்கள் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு வாத்தியார் பிரெஸ், பள்ளிக் குளியலறையைக் காலையில் அவனுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்கிறார், அவன் துணியை அங்கேயே துவைக்க வழி செய்கிறார். பெரிய வசனம் எதுவும் இல்லை. பையன் மெதுவாக நிமிர்கிறான், கம்ப்யூட்டரில் கை வைக்கிறான். உடனே அவனை வருட நடுவில் ஒன்பதாம் வகுப்புக்குத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். புதுப் பள்ளி வாசல் வரை போய் நிற்கிறான், உள்ளே போகவில்லை. அந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த விவரமெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாக வந்தது என்றால், சைமனோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் 20 வருடம் பால்டிமோர் போலீசில் இருந்துவிட்டு, பிறகு அதே ஊர் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்.

ஆற்றுமணல், உங்கள் உணவகக் காட்சிக்கு ஒரு ஜோடி இந்த சீசனில் இருக்கிறது. பள்ளியில் தனி வகுப்பு நடத்தும் முன்னாள் போலீஸ் அதிகாரி பன்னி கால்வின், போட்டியில் ஜெயித்த மூன்று பிள்ளைகளை விலையுயர்ந்த ஸ்டேக் உணவகத்துக்குக் கூட்டிப்போகிறார். போகும்போது ஒரே குதூகலம். உள்ளே சர்வர் சொல்லும் பதார்த்தப் பெயர்கள் புரியவில்லை, கோட்டை ஏன் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் மூன்று பேருக்கும் எரிச்சல், சண்டை. டிஆஞ்சலோ வெட்கத்தை உள்ளே வைத்துக்கொண்டான், பிள்ளைகளிடம் அது கோபமாக வெளியே வருகிறது. நல்லது செய்யப்போன கால்வின் காரை ஓட்டிக்கொண்டு பேசாமல் வருகிறார்.

ஏழாம்நம்பர்:

நடிகர்களைப் பற்றியும் பேச வேண்டாமா? ஸ்ட்ரிங்கராக நடித்த இட்ரிஸ் எல்பா லண்டன் ஹாக்னிக்காரர், டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர். ஆலைத் தொழிலாளி மகன் மெக்நல்டியாக நடித்த டொமினிக் வெஸ்ட், பிரிட்டனின் மேல்தட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்தவர். இந்தப் பக்கம் கும்பலின் கொலையாளி ஸ்னூப்பாக வரும் ஃபெலிஷியா பியர்சன் பால்டிமோர்த் தெருவிலேயே வளர்ந்தவர், கும்பல்களையே கொள்ளையடிக்கும் ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் ஒரு பாரில் பார்த்துக் கூட்டிவந்தார். தேவாலய டீக்கனாக வரும் மெல்வின் வில்லியம்ஸ், எட் பர்ன்ஸ் போலீசில் இருந்தபோது பிடித்த நிஜப் போதைக் கடத்தல்காரர்.

ஈட்டன்காரர் நடித்ததால் மெக்நல்டி பொய் ஆகிவிடவில்லை. ஆனால் ஸ்னூப் வாயைத் திறந்தால் மற்றவர்கள் எல்லோரும் நடிகர்களாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அந்த உச்சரிப்பை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மாடிவீடு:

டீச்சர் எழுதியதைப் படித்தபின் நாலாம் சீசனைச் சாட்சிக்கூண்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் என் மூல ஆட்சேபணை இருக்கிறது. இது காசு கட்டிப் பார்க்கும் சேனலில் வந்த தொடர். இதில் காட்டப்படும் தெருவில் எத்தனை வீட்டில் அந்த இணைப்பு இருந்திருக்கும்? பார்த்தவர்கள், எழுதியவர்கள், பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்தவர்கள் எல்லோரும் வசதியான இடத்தில் இருந்தவர்கள்.

இதற்கு மாற்றாகப் பிரிட்டனைச் சொல்வேன். ஆலன் பிளீஸ்டேல் எழுதிய ‘பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்’, 1982இல் பி.பி.சி.2இல் வந்தது, மொத்தமே ஐந்து எபிசோட். அந்த வருடம் ஜனவரியில் அங்கே வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தார் போடும் வேலை செய்து பிழைத்த லிவர்பூல் ஆட்கள் கதை. பெர்னார்ட் ஹில் நடித்த யோசர் ஹியூஸ், பிள்ளைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு, மைதானத்தில் கோடு போடுகிறவர் பின்னாலேயே போய், “இதை நான் செய்வேன், எனக்கு வேலை குடு” என்கிறான். அந்த வரியை நாடே சொல்லித் திரிந்தது. சில மாதத்திலேயே பி.பி.சி.1இல் மறுபடி போட்டார்கள். யாரைப் பற்றிய கதையோ அவர்களே தங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். யோசர் நிறுவனத்தைப் பற்றி எதையும் விளக்குவதில்லை. அவன் மூளை கலங்குவதுதான் விளக்கம்.

கப்பல்கணக்கு:

பிளாக்ஸ்டஃப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் யார் பார்த்தார்கள் என்பது விநியோகத்தின் குறை, எழுத்தின் குறை இல்லையே.

தானியத் துறைக்கு என்ன ஆயிற்று என்று ஐந்தாம் சீசனில் வருகிறது. அங்கே அடுக்குமாடி வீடு கட்டுகிறார்கள், மேயர் விழாவுக்கு வருகிறார், ஃபிராங்கின் அண்ணன் மகன் நிக் கூட்டத்திலிருந்து கத்துகிறான், இழுத்துப்போகிறார்கள். நிஜத்திலும் லோகஸ்ட் பாயிண்ட் பகுதியில் இருந்த 1920களின் தானியக் கிடங்கு 2009இல் ‘சைலோ பாயிண்ட்’ என்ற சொகுசுக் குடியிருப்பாகிவிட்டது. அதற்கு முன்பே, இரண்டாம் சீசனில் நிக் தன் சொந்த அத்தை இருந்த வீட்டைக் குடும்பத்தோடு குடிபோகலாம் என்று பார்க்கப்போய், விலையைக் கேட்டுத் திரும்பிவருவான். அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அவனுக்குத் தெரியும், காட்டும் தரகருக்குத் தெரியாது. பிறந்த தெரு கைக்கெட்டாமல் போவதை இப்படி எழுத, அந்த ஊரில் வருடக்கணக்கில் செய்தி சேகரித்தவரால்தான் முடியும். சைமன் ‘பால்டிமோர் சன்’ பத்திரிகையில் போலீஸ் நிருபராக இருந்தவர்.

மல்லிகா டீச்சர்:

எனக்கு இந்தத் தொடரிடம் ஒரு வழக்கு உண்டு. நமாண்டின் அம்மா டிலோண்டா. மகனைத் தெருமுனைக்குப் போய் மருந்து விற்கச் சொல்லித் துரத்தும் தாய். பார்க்கிற எல்லோரும் அவளை வெறுக்கிறார்கள், என் சக ஆசிரியைகள் உட்பட. ஆனால் அவள் கணக்கைப் பாருங்கள். கணவன் கும்பலுக்காகச் சிறைக்குப் போனான், அதற்குக் கூலியாக வீட்டுக்குப் பணம் வந்தது. ஒருநாள் டிஆஞ்சலோவின் அம்மா பிரியானா வந்து இனிமேல் பணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஓய்வூதியம் நின்றுபோன குடும்பம் அது. ஃபிராங்க் சொபோட்கா தன் வாழ்க்கை முறையைக் காப்பாற்றத் தப்பு செய்தால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. டிலோண்டா செய்தால் பேராசைக்காரி.

ஆற்றுமணல்:

ஃபிராங்க் மற்றவர்களுக்காகச் செய்தார், டிலோண்டா பிள்ளையைப் பலி கொடுத்தாள். இரண்டும் ஒன்றா டீச்சர்?

மல்லிகா டீச்சர்:

ஒன்று இல்லை. ஃபிராங்கின் மகன் ஸிக்கி கொலைக் கேசில் சிறைக்குப் போனதில் அப்பாவுக்குப் பங்கே இல்லையா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டே சொல்கிறேன். நான் கேட்பது எழுத்தாளர்களிடம். ஃபிராங்குக்கு ராட்டர்டாம் வீடியோவைப் பார்க்க ஒரு காட்சி கொடுத்தார்கள், புரூஸிடம் மனம்விட்டுப் பேச ஒரு காட்சி கொடுத்தார்கள். பயம் என்ன, இழப்பு என்ன என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான். டிலோண்டா வரும்போதெல்லாம் கத்திக்கொண்டே வருகிறாள். கடைசியில் நமாண்டைக் கால்வினிடம் விடுவது என்று முடிவு செய்வதும் சிறையில் இருக்கும் கணவன் வீபே. அவர்கள் இருவரும் ஆளுக்கு ஆள் மரியாதையோடு பேசித் தீர்க்கிறார்கள், அருமையான காட்சி அது. அதன்பின் வீபே டிலோண்டாவிடம் சொல்லுகிறான், அவ்வளவுதான்.

பையன் பிழைத்தான், எனக்கும் சந்தோஷம். ஆனால் ஆயுள் கைதியின் மனைவி, வேலைக்குப் பழக்கமில்லாதவள், கும்பல் பணமும் நின்றுவிட்டது, அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்தாள்? துறைமுகத்தில் கால் போன தொழிலாளி வீட்டுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மறக்காமல் காட்டிய தொடர் இது. அந்தக் கணக்கை அவளுக்கும் போட்டிருக்க வேண்டும்.